காற்றுமானி ஃப்ரிட்ஜுக்குள் இருந்ததற்கான விளக்கம்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது.

பொருள்: எங்கள் வீட்டு ஹாலில் நான்கு டிகிரி குளிர் காட்டியது குறித்த விளக்கம்.

பார்வை: சென்ற வாரம் தாங்கள் போனில் கேட்ட கேள்வியும், அதற்கு நான் "லைன் சரியில்ல" என்று சொல்லி வைத்துவிட்டதும்.

இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எவ்வளவு சுகம் என்பது கீழே போகப் போகத் தெரியும். அங்கே நீங்களும் பாப்பாவும் பேரப்பிள்ளைகளும் நல்ல காற்றில் நன்றாகத்தான் இருப்பீர்கள், அதை நான் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை, உங்கள் வீட்டுக் காற்றின் பெருமையைத்தான் பாப்பா போன் செய்யும்போதெல்லாம் கேட்கிறேனே. இதையெல்லாம் போனில் சொன்னால் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். போனில் பேசினால் நடுவில் குறுக்குக் கேள்வி கேட்பீர்கள், எனக்குக் கோர்வை விட்டுப்போகும். தவிர, நான் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்தி, கோளாறாக இருந்தால் கடைக்காரரிடம் "விளக்கத்தை எழுத்து மூலமாகக் கொடுங்கள்" என்று கேட்டே காலத்தை ஓட்டியவன். இப்போது என் முறை வந்திருக்கிறது, எழுத்து மூலமாகவே கொடுத்துவிடுகிறேன்.

முதலில் நமக்குள் இருக்கும் ஒப்பந்தத்தை நினைவுபடுத்துகிறேன். எனக்கு நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய் அடைப்பை நீக்கி ஒரு ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள் அல்லவா, அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள், பாப்பா, இதய டாக்டரம்மா மூன்று பேரும் நின்றுகொண்டு, நான் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே, ஏதோ இடம் மாற்ற வேண்டிய பீரோவைப் பற்றிப் பேசுவதுபோல் என் தலைக்கு மேலே பேசி முடித்துவிட்டீர்கள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிற வீடு இனிமேல் எனக்கு ஆகாது, உங்கள் ஊரில் ஒதுக்குப்புறமாக இருக்கும் உங்கள் வீட்டு மாடி அறைக்கு நாங்கள் இருவரும் வந்துவிட வேண்டும் என்பது தீர்ப்பு. புகைக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம், புகை போனால் இருமல்தானே வரும் என்று நான் சட்டம் பேசினேன். டாக்டரம்மா பொறுமைசாலி. என் தலையில் ஒரு முடியைத் தேடிப் பார்த்து, கிடைக்காமல், தன் தலையிலிருந்தே ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார்.

"இந்த முடியோட தடிமன்ல முப்பதுல ஒரு பங்குதான் அந்தத் தூசு. அவ்வளவு பொடிசா இருக்கறதால மூக்கும் பிடிக்காது, நுரையீரலும் முழுசாப் பிடிக்காது, கொஞ்சம் ரத்தத்துலயே இறங்கிடும். குழாயோட உள்சுவர் புண்ணாகும், விறைச்சுப்போகும். பிரஷர் ஏறும், கொழுப்பு படியும், ரத்தம் சட்டுனு உறையும். இருமல் வந்தாலாவது மருந்து வாங்கப் போவோம். இது சத்தமே போடாது."

என் சர்வீஸில் நான் பிடித்த மிகச் சிறிய மோசடி, ஒரு தராசுத் தட்டின் அடியில் ஒட்டியிருந்த மெழுகு உருண்டை. முடியில் முப்பதில் ஒரு பங்கை நான் எங்கே போய்ப் பிடிப்பது. கண்ணால் பார்க்காததை நம்பமாட்டேன், அளந்து காட்டுங்கள் பார்க்கலாம் என்று வீறாப்பாகச் சொன்னேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அங்கேதான். நீங்கள் வீட்டுக்குப் போன கையோடு அந்தக் காற்றுமானியை வாங்கி அனுப்பிவிட்டீர்கள். உள்ளங்கை அளவு கருவி, காற்று நன்றாக இருந்தால் அதில் ஒரு பச்சை முகம் சிரிக்கும், சுமாராக இருந்தால் மஞ்சள் முகம் வாயைக் கோணும், கெட்டுப்போயிருந்தால் சிவப்பு முகம் அழும், அது காட்டுவதெல்லாம் உங்கள் போனுக்கும் வந்து சேரும். ஒரு மாதம் அதை ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைப்பது, அழுகை அதிகமாக இருந்தால் நாங்கள் மறுபேச்சில்லாமல் மாடி அறைக்கு வருவது, சிரிப்பு அதிகமாக இருந்தால் நீங்கள் அந்தப் பேச்சையே எடுக்காமல் இருப்பது. இதுதான் ஒப்பந்தம்.

எனக்கு வர விருப்பமில்லை என்பதை ஒளிக்கப்போவதில்லை. உங்கள் வீட்டில் எல்லோரும் என்னை நன்றாகக் கவனிப்பீர்கள், அதுதான் பிரச்சினையே. இங்கே நான் தெருவில் இறங்கினால் காய்கறிக் கடைக்காரர் இன்றைக்கும் அவசர அவசரமாகத் தராசைத் துடைத்து நேராக வைக்கிறார். நான் ரிட்டயர் ஆனதை நானும் அவரிடம் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. உங்கள் ஊரில் நான் யார்? வேளாவேளைக்கு மாத்திரை கொடுக்கப்பட வேண்டிய மாடி அறைத் தாத்தா.

கருவி வந்த அன்று முறைப்படி டிவிக்குப் பக்கத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். பிறந்த குழந்தைகூட ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் அழும், இது யோசிக்கவே இல்லை. உங்கள் அத்தை வழக்கம்போல ஜன்னலோரம் தையல் மெஷினில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமலே "அழுதுங்க, பசிக்குதோ என்னவோ" என்றாள். பகல் பூராவும் அழுதது. சாயங்காலம் ஆபீஸ் விடும் நேரத்தில் பஸ்கள் வரிசையாக வந்து நின்றபோது இன்னும் பெரிதாக வாயைத் திறந்து அழுதது. கவனித்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. எங்கள் வாசலுக்கு நேரே ஒரு பஸ் அரைமணி நேரம் போல நிற்கிறது, டிரைவர் இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு, பேப்பர் படித்துவிட்டு வருகிறார், அதுவரை என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்த ஒரு பஸ்ஸை அடக்கினால் போதும், கருவி சிரித்துவிடும் என்று கணக்குப் போட்டேன். கருவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பழைய ஆய்வாளர் குரலை வரவழைத்துக்கொண்டு போய், என்ஜினை நிறுத்தச் சொன்னேன்.

"நிறுத்தலாம் சார், நமக்கென்ன. திரும்ப ஸ்டார்ட் ஆகலைன்னா நீங்கதான் தள்ளணும்" என்றார் டிரைவர்.

அதற்கென்ன, தள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். அரசாங்க அதிகாரியாக இருந்தவன் அந்த இடத்தில் பின்வாங்க முடியுமா. அவர் நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் சிவப்பு முகம் மஞ்சளானது. பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்களிடமெல்லாம் ஜன்னல் ஜன்னலாகக் கருவியைக் காட்டிக்கொண்டு போனேன், பெண் பார்க்க வந்தவர்களிடம் போட்டோவைக் காட்டுவதுபோல. டிரைவர் வந்து சாவியைத் திருப்பினார். பஸ் தொண்டையைச் செருமிக்கொண்டதே தவிர வாயைத் திறக்கவில்லை. அப்புறம் நடந்ததை உங்கள் அத்தை உங்களிடம் வேறு மாதிரி சொல்லலாம், நான் உள்ளதைச் சொல்கிறேன். தள்ளியது பயணிகள்தான், நான் பின்பக்கம் கை மட்டும்தான் வைத்திருந்தேன். வாக்குக் கொடுத்தவன் கையாவது வைக்க வேண்டாமா. வைத்த இடம் புகைக்குழாய்க்கு நேரே அமைந்துவிட்டது. பஸ் கிளம்பியது, கிளம்பும்போது அத்தனை நாள் சேர்த்து வைத்திருந்ததையும் ஒரே மூச்சில் என் முகத்தில் விட்டுவிட்டுப் போனது. இருமி முடித்துக் கருவியைப் பார்த்தால் நான் அதுவரை பார்க்காத ஒரு முகம், ஊதா நிறம், இரண்டு கண்ணும் மூடியிருக்கிறது. கூட வந்த சிறு புத்தகத்தைப் புரட்டினால், "உடனடியாக அந்த இடத்தை விட்டு வெளியேறவும்" என்று போட்டிருக்கிறது. என் முகமும் அதே நிறத்தில்தான் இருந்ததாம். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த உங்கள் அத்தை சொன்னதை மாப்பிள்ளைக்கு எழுதும் கடிதத்தில் எழுதுவது மரியாதையாக இருக்காது.

அந்த ஊதா முகம்தான் என்னை யோசிக்க வைத்தது. கருவி மிகைப்படுத்துகிறதோ என்று ஒரு சந்தேகம். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. எந்தத் தராசையும் முதலில் வெறும் தட்டோடு பார்க்க வேண்டும். வெறும் தட்டில் முள் நடுவில் நிற்காவிட்டால், அப்புறம் அது சொல்கிற எதையும் நம்பக் கூடாது. காற்றுமானிக்கும் அதே விதிதானே. ஆக, தூசே இல்லாத ஒரு இடத்தில், அதாவது வெறும் தட்டில், இதை வைத்துப் பார்க்க வேண்டும், அங்கேயும் அழுதால் கருவி பொய் என்று உங்களுக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று கிளம்பினேன். பின்னறையில் வைத்தேன், அழுதது. மொட்டை மாடியில் வைத்தேன், அடுத்த தெரு ரொட்டிக் கடைப் புகைபோக்கியைப் பார்த்து அழுதது. அடுப்பில் எண்ணெய் காயும்போது சமையலறையில் கொண்டுபோய் வைத்ததற்குக் கரண்டியாலேயே வெளியே அனுப்பப்பட்டேன். குளியலறையில் வெந்நீர் ஆவிக்கு நடுவே ஊதாவாகிவிட்டது. வெந்நீருக்கும் புகைக்கும் வித்தியாசம் தெரியாத கருவியா, மாட்டினாய் என்று குஷியாகிப் புத்தகத்தைப் பார்த்தால், ஆவி இருக்கும் இடத்தில் வைக்காதே என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறான். துணி பீரோவுக்குள் வைத்தால் அங்கேயும் மூக்கைச் சுளித்தது. கடைசியில் யோசித்து யோசித்து, நான்கு பக்கமும் ரப்பர் வைத்து அடைத்த ஒரு இடம் நம் வீட்டிலேயே இருக்கிறதே என்று ஃப்ரிட்ஜைத் திறந்து, முட்டைகோஸுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். சாப்பாட்டுக்குப் பிறகு மெதுவாகத் திறந்து பார்த்தேன். பச்சை முகம், ஒரு காதிலிருந்து இன்னொரு காது வரை சிரிப்பு.

வெறும் தட்டில் முள் நடுவில் நின்றுவிட்டது. அதாவது கருவி சரி. அதாவது ஹாலில் அது அழுததும் சரி. ஒரு நேர்மையான அதிகாரி இந்த இடத்தில் கருவியை எடுத்துக்கொண்டுபோய் ஹாலில் வைத்திருப்பார். நானும் அதற்காகத்தான் கையை நீட்டினேன். அது என்னைப் பார்த்துச் சிரித்தது. சிரிக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் அழவிட யாருக்கு மனசு வரும், நீங்களே சொல்லுங்கள். சோதனை இன்னும் கொஞ்சம் நீடிக்கட்டுமே என்று கதவைச் சாத்திவிட்டேன். அப்படியே நீடித்துவிட்டது. உங்கள் அத்தை காய் எடுக்கத் திறந்தபோது கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். "காய் கெடாம இருக்கத்தான் ஃப்ரிட்ஜ் வாங்கினோம், காத்து கெடாம இருக்கறதுக்கா?" என்று கேட்டாளே தவிர, எடுத்து வெளியே வைக்கவில்லை. அவளுக்கும் வர மனமில்லை என்று அதற்கு நான் அர்த்தம் செய்துகொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் உங்கள் போன். தூசை மட்டுமல்லாமல் அந்தச் சனியன் குளிரையும் வெப்பத்தையும்கூட அளந்து உங்களுக்கு அனுப்புகிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? "மாமா, ஹால்ல நாலு டிகிரி காட்டுது, ஸ்வெட்டர் ஏதாவது போட்டிருக்கீங்களா?" என்று கேட்டீர்கள். அக்கறையாகக் கேட்டீர்களா, கிண்டலாகக் கேட்டீர்களா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அதனால்தான் லைன் சரியில்லாமல் போனது.

அதன் பிறகு எனக்கு வேண்டியிருந்தது, மனிதர்கள் வசிக்கக்கூடிய வெப்பத்தில் காற்று சுத்தமாக இருக்கிற ஒரு இடம். கடைத்தெருவில் புதிதாக ஒரு பல் டாக்டர் கிளினிக் திறந்திருக்கிறார், இரட்டைக் கதவு, உள்ளே ஏசி, மூலையில் காற்றைச் சுத்தம் செய்ய ஒரு மெஷின். சும்மா எட்டிப் பார்ப்பதுபோல் நுழைந்தேன், சட்டைப்பைக்குள் பச்சை முகம் சிரித்துவிட்டது. வரவேற்பில் இருந்த பெண்ணிடம், இந்தச் சின்னப் பொருளைக் கொஞ்ச நாளைக்கு இங்கே ஒரு ஓரமாக வைத்துக்கொள்ள முடியுமா, சோறு தண்ணி கேட்காது என்றேன். டோக்கன் போட்டவர்கள்தான் உள்ளே உட்காரலாம் என்று அவள் சொன்னாள். சரி, உட்கார்ந்தாவது கொஞ்சம் சிரிப்பைச் சேர்த்துக்கொள்வோம் என்று டோக்கன் போட்டேன். குளுகுளுவென்று இருந்ததில் கண் அசந்துவிட்டது. எழுப்பி உள்ளே அனுப்பிவிட்டார்கள். எனக்குப் பல்லில் ஒன்றுமில்லை, காற்று வாங்க வந்தேன் என்று அந்த நாற்காலியில் படுத்துக்கொண்டு எப்படிச் சொல்வது. டாக்டர் சின்ன வயசுக்காரர், ஆசையாகப் பார்த்தார், நிறையக் கறை இருக்கிறது, சுத்தம் செய்துவிடலாம் என்றார். ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று முறையாகத்தான் கேட்டார். நெஞ்சு விஷயத்தைச் சொன்னால் எழுப்பி அனுப்பிவிடுவார் என்று பயந்து, சத்து மாத்திரை என்று சொல்லிவைத்தேன். அவர் சுரண்ட ஆரம்பித்தார். ரத்தம் உறையக் கூடாது என்று நம் டாக்டரம்மா கொடுத்திருக்கும் மாத்திரை அதன் கடமையை ஒழுங்காகச் செய்தது. வழியும் ரத்தத்தைப் பார்த்து என்னைவிட அவர்தான் அதிகம் வெளுத்துப்போனார். உண்மையைக் கறந்து, வாய் நிறையப் பஞ்சை அடைத்து, திட்டி அனுப்பிவைத்தார். அந்தக் களேபரத்தில் காற்றுமானியை நாற்காலியிலேயே விட்டுவிட்டேன்.

ரத்தக் கறைக் கைக்குட்டையோடு வாசலில் வந்து நின்றவனைப் பார்த்ததும் உங்கள் அத்தை தைத்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு, என்னை வண்டியில் ஏற்றி டாக்டரம்மாவிடம் கொண்டுபோய் நிறுத்தினாள். வாயில் பஞ்சு இருந்ததால் என்னால் பேச முடியவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் ஆரம்பித்த ஒரு பேச்சைக் குறுக்கீடில்லாமல் முடித்தது அன்றுதான். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பழுது, மாடிப்படி ஏறிப் போனோம். டாக்டரம்மா என்னைச் சோதித்து, பிரஷர் நன்றாக இருக்கிறது, நெஞ்சு நன்றாக இருக்கிறது, புத்தி மட்டும்தான் சரியில்லை என்றார். சொல்லிக்கொண்டே என் பின்னால் பார்த்தார். உங்கள் அத்தை சுவரில் கையை ஊன்றிக்கொண்டு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். படி ஏறி முடித்து வெகு நேரமாகியிருந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர், அவரைப் பாருங்க" என்றாள்.

நர்ஸ் அவள் கையில் பிரஷர் பட்டையைக் கட்டிப் பார்த்தாள். அவிழ்த்து அடுத்த கையில் கட்டிப் பார்த்தாள். அப்புறம் டாக்டரம்மாவே எழுந்து வந்து கட்டிப் பார்த்தார். படுக்க வைத்து ஈசிஜி எடுத்தார்கள். நான் பஞ்சைக் கடித்துக்கொண்டு மூலையில் நின்றேன். வீட்டில் பகலில் எங்கே உட்காருவீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். ஜன்னலோரம், மெஷின் அங்கேதான் இருக்கிறது, வெளிச்சம் இருக்கும் வரை தைப்பேன் என்றாள். எத்தனை வருஷமாக என்று கேட்டதற்கு அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், ஏதோ அந்தக் கணக்கை நான் வைத்திருப்பதுபோல. ஊரில் இருக்கிற அத்தனை தராசுக்கும் கணக்கு வைத்திருந்தவன், இதற்கு வைத்திருக்கவில்லை.

டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "உங்களுக்கு வலியோட வந்துச்சு, எல்லாரும் ஓடி வந்தோம். இவங்களுக்கு சத்தமில்லாம வந்திருக்கு. குழாய் விறைச்சுப்போயிருக்கு, நெஞ்சு ரொம்பக் கஷ்டப்பட்டு வேலை செய்யுது. மாத்திரை தரேன். ஆனா மாத்திரை மட்டும் போதாது. அந்த ஜன்னலை விட்டு எழுந்திருக்கணும்."

எனக்கு வெட்கமாக இருந்தது மாப்பிள்ளை. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. திரும்பும் வழியில் பல் கிளினிக்கில் கருவியை வாங்கிக்கொண்டேன். வரவேற்புப் பெண் அதற்கும் ஒரு டோக்கன் போட்டு வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்து அதைத் தையல் மெஷின் மேல், ஊசிக்குப் பக்கத்தில், அவள் முகம் இருக்கும் உயரத்துக்கு நாலு புத்தகத்தை அடுக்கி வைத்தேன். ஒரு பஸ் வந்து நின்றது. சிவப்பு. இன்னொன்று அதன் பின்னால் வந்து நின்றது. ஊதா. நான் ஒரே ஒரு தடவை பஸ்ஸின் பின்னால் நின்றதற்கு ஊரைக் கூட்டினேன். அவள் பாப்பாவின் பள்ளிக்கூட உடுப்பிலிருந்து உங்கள் பிள்ளைகளின் மெத்தை உறை வரைக்கும் அந்த ஊதா முகத்துக்கு எதிரே உட்கார்ந்துதான் தைத்திருக்கிறாள். ஹாலை அளந்தேன், பின்னறையை அளந்தேன், முட்டைகோஸை அளந்தேன், அவள் உட்காரும் இடத்தை அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆனாலும் நீங்கள் பதற வேண்டாம். தேவையான நடவடிக்கைகள் எடுக்கப்பட்டுவிட்டன. தையல் மெஷினைப் பின்னறைக்கு மாற்றியாகிவிட்டது. தூக்கிக்கொடுத்தது அந்த பஸ் டிரைவர்தான், நல்ல மனிதர், நெஞ்சு சரியில்லாதவர் தூக்கக் கூடாது என்று சொல்லித் தானே தூக்கினார். அவர் தூக்கி முடிக்கும்வரை வாசலில் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, அதை நான் பெரிதுபடுத்தவில்லை. ஹால் ஜன்னலைச் சாத்தித் தாழ் போட்டிருக்கிறேன். பின்னறையில் புது டியூப்லைட் மாட்டியிருக்கிறேன். உங்கள் அத்தை மாத்திரை சாப்பிடுகிறாள், முகம் தெளிவாக இருக்கிறது. கருவி இப்போது பின்னறையில் இருக்கிறது, மஞ்சளாக வாயைக் கோணிக்கொண்டிருக்கிறது, அழவில்லை. மஞ்சள் என்பது அழுகையில் சேராது என்பது என் கருத்து. ஆகவே, ஒப்பந்தத்தின்படி நாங்கள் எங்கும் வரவேண்டிய அவசியம் எழவில்லை என்பதையும், மாடி அறையைத் தாங்கள் வேறு உபயோகத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பதையும், நான்கு டிகிரி குறித்த இந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டு மேல் நடவடிக்கையைக் கைவிட வேண்டும் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

பாப்பாவுக்கு எங்கள் ஆசியும், பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு முத்தமும், தங்களுக்கு இந்த வயதிலும் மாமனாரை மடக்கிக் கேள்வி கேட்கும் திறமை மேலும் வளராதிருக்க என் மனமார்ந்த வாழ்த்தும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் நலம் நாடும்
மாமனார் (முத்திரை ஆய்வாளர், ஓய்வு)

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு திரும்பக் கிழித்து இதை எழுதுகிறேன். மேலே மாமனார் எழுதிக்கொள்வது என்று இருப்பதைத் தவிர வேறு எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் மேஜையில் உட்கார்ந்து மேற்படி வீரத்தையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தபோது ஹாலில் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது, பூனை என்று இருந்துவிட்டேன். போய்ப் பார்த்தால் ஜன்னல் திறந்திருக்கிறது. உங்கள் அத்தை ஒரு பழைய போர்வையை அடியில் போட்டு, தையல் மெஷினைத் தனி ஆளாகப் பின்னறையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து, ஜன்னலுக்குப் பாதி தூரத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கை மெஷின் மேல், ஒரு கை நெஞ்சின் மேல். என்னைப் பார்த்ததும் நெஞ்சின் மேல் இருந்த கையை எடுத்துவிட்டாள். "அந்த லைட்டுல கறுப்பு நூலும் நீல நூலும் ஒண்ணாத் தெரியுதுங்க. சும்மா கொஞ்சம் மூச்சு வாங்குது, அவ்வளவுதான்" என்றாள். வா, மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடலாம், உன் உடம்புக்கு நல்லது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தேன். எனக்கென்ன, பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, சீருடை பாக்கி இருக்கிறது என்கிறாள். தனக்காக அவள் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கமாட்டாள் மாப்பிள்ளை, எனக்குத் தெரியும்.

அதனால் உடனே வண்டி எடுத்துக்கொண்டு வாருங்கள். போனில் சொன்னால் அவள் காதில் விழும், இந்த வீடு அவ்வளவு பெரிதில்லை. இந்தக் கடிதத்தை பஸ் டிரைவரிடமே கொடுத்து அனுப்புகிறேன், அவர் உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறார், நடுவில் யாரும் என்ஜினை நிறுத்தச் சொல்லாவிட்டால் இன்றைக்கே வந்து சேரும். வந்ததும் அவளிடம் அவள் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். எனக்கு முடியவில்லை, இந்தக் காற்றில் இன்னும் ஒரு நாள் இருந்தால் எனக்கு ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார் என்று சொல்லுங்கள். நீங்கள் வாசலில் கால் வைத்ததும் நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன், பயப்பட வேண்டாம், பாப்பாவிடம் மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். எனக்காக என்றால் அவள் சீருடையையும் விட்டுவிட்டு வருவாள்.

மாடி அறை வேண்டாம், அவள் படி ஏறக் கூடாது. கீழே ஒரு அறை கொடுங்கள், தெருப்பக்கம் இல்லாத ஜன்னலாக, நல்ல வெளிச்சம் வருவதாக. வண்டியில் முதலில் தையல் மெஷினை ஏற்றுங்கள். அது ஏறிவிட்டால் அவள் ஏறிவிடுவாள்.